ஊருக்கு விசா

துபாய் விமான நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருவனந்தபுரம் விமானத்துக்கான வரிசை நகரவே இல்லை. எரிச்சலோடு எட்டிப் பார்த்தேன். கவுண்டரில் அண்ணன் தம்பி இருவர் நின்றார்கள். அண்ணனின் புத்தம்புது பாஸ்போர்ட்டைப் புரட்டிய பெண், இந்திய விசா எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவர் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். "என்னடா இது, நம்ம ஊருக்குப் போக விசா கேக்குறா."

"காக்கா, பணம் கட்டி அந்தத் தீவு நாட்டு பாஸ்போர்ட் வாங்கினீங்கல்ல. நம்ம பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்தாச்சே," என்று அண்ணனிடம் சொன்னார் தம்பி.

"லண்டன்ல ஒருத்தனும் விசா கேக்கலையேடா."

"லண்டனுக்கு வேணாம். இந்தியாவுக்கு வேணும். உம்மா மவுத்துன்னு கேட்டதும் ஓடி வந்துட்டோம், எனக்கும் தோணலை."

"கான்சுலேட்டுக்குப் போனா?"

"இன்னைக்கு லீவு காக்கா."

"அப்ப எனக்காக ஒரு நாள் வச்சிருக்கச் சொல்லு."

"மய்யித்தை அவ்வளவு நேரம் வைக்கக்கூடாது. சாயங்காலம் மஃரிபு தொழுகைக்கு அடக்கம்னு பள்ளியில சொல்லிட்டாங்க."

அண்ணன் ஒதுங்கி நின்று எங்களுக்கு வழிவிட்டார். தம்பியின் பழைய இந்திய பாஸ்போர்ட்டின் அட்டை முனை கிழிந்திருந்தது. பெண் அதை வாங்கிப் பார்த்துவிட்டு போர்டிங் பாஸைக் கொடுத்தாள்.

பெட்டியைத் தூக்கிய தம்பியின் கையை அண்ணன் பிடித்துக்கொண்டார்.

"கபுர்ல ஆளுக்கு மூணு பிடி மண்ணு போடுவாங்கல்ல," என்றார். "நீ ஆறு பிடி போடு."