இருவது நாளு தண்ணி விடாத காடு

கடலைச் செடியப் போட்டோ புடிக்கறதுன்னா காலைல எட்டு மணிக்குள்ள போயிரோணுமுங்க சார். வாடின செடி வேணும்னா மத்தியானம் போனாப் போதும். தொழில்ல இருக்கறவனுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கோணும்.

எருத்தேன்பதில எனக்கு ஸ்டுடியோ. எல்லாத்து கையிலயும் செல்போன் வந்த பொறகு ஈ ஓட்டிட்டிருந்தேன். அப்பத்தான் சோலார் கம்பெனி ஆளு வந்தாரு. நூறு ஏக்கர்ல பேனல் போடறோம், மொதல் கம்பத்துலிருந்து கடைசி வரைக்கும் படம் எடுக்கற வேலை உனக்குத்தான்னாரு. ஒரே சிக்கல். நடுவுல எட்டு ஏக்கர்ல அப்புசாமி அண்ணன் குத்தகைக்குக் கடலை போட்டிருந்தாரு. நெலத்துக்காரரு கோயமுத்தூர்ல, அவருக்குச் சம்மதந்தான். ஆனா வெளையற பூமிக்கு அனுமதி கெடைக்காது. தரிசுன்னு காட்டப் படம் வேணும்.

எனக்குப் பொண்ணு பாத்து முடிச்சதே அண்ணந்தானுங்க. அவருகிட்டப் போயி, "வறட்சி நிவாரணம் வருதுங்கண்ணா. காஞ்ச காட்டுப் படம் இருந்தாத்தான் எழுதுவாங்க. இருவது நாளு மோட்டாரப் போடாதீங்க. ஊட்டுலகூடச் சொல்லாதீங்க"ன்னேன்.

"விழுது மண்ணுல எறங்கிக் காய் புடிக்கற சமயம் பூபதி. பச்சப் புள்ளையப் பட்டினி போடறாப்பல இருக்குமே"ன்னாரு. அப்பறம், "செரி, நீ சொன்னா நல்லதுக்குத்தான் இருக்கும்"னுட்டாரு.

மூணு தடவ போனேன், உச்சி வெயில்ல. கடைசி நாளு கருகின செடியக் கையில வெச்சுட்டு அழுதாரு. ஓரமா நில்லுங்கண்ணான்னேன், நின்னாரு. கேமராவுல காடு பாலைவனமாட்டத்தான் விழுந்துச்சு. படம் சுத்தமா இருந்துதுங்க.

அத வெச்சு அனுமதி வந்துச்சு. கம்பம் நட மிசின் எறங்கின அன்னிக்கு நான் கேமராவோட நிக்கறதப் பாத்தாரு. அப்படியே திரும்பி நடந்துட்டாரு. மக்காநாளு வெடியக்காலம் மோட்டார் ரூமுல உசுர மாச்சுக்கிட்டாரு. எனக்கு மூணு நாளு சோறு எறங்கல. நாலாம் நாளு வேலைக்குப் போயிட்டேன்.

காரியத்தன்னிக்கு அவரு மக வனிதா எங்கிட்ட வந்து உக்காந்துச்சு. "ஏனுங் சித்தப்பா, கெணறு நெறையத் தண்ணி கெடந்துதே. எங்கப்பன் எதுக்குக் காட்டக் காய விட்டாரு? அவரு பண்ணுன வேலைலதான பூமியும் போச்சு, அவரும் போயிட்டாரு"ன்னு தேம்பித் தேம்பி அழுதுச்சு.

"மனசு என்னமோ கலங்கிப்போச்சு சாமி. உங்கப்பன நீதான் மன்னிக்கோணும்"னு சொல்லித் தலையத் தடவிக் குடுத்தேன்.

உண்மையச் சொன்னா அந்தப் புள்ள தாங்காதுங்க. அது நல்லதுக்குத்தான் சொன்னேன்.