மூன்று சீட்டும் ஆறிய தேநீரும்

உட்காருங்கள் இன்ஸ்பெக்டர். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். வயிற்றுக் கோளாறு என்ற ஒன்று எனக்கு வந்ததே இல்லை. கல்லைத் தின்றாலும் கரைந்துவிடும் என்பாள் என் மனைவி.

ஓவிய ஆசிரியையின் வீட்டில் கல்லெறிந்தவனைத் தேடி வந்திருக்கிறீர்கள். அவனை எனக்குத் தெரியாது. தெரிந்த மீதியைச் சொல்லிவிடுகிறேன்.

நகரசபைத் தேர்தலுக்கு நான்தான் அதிகாரி. பஸ் முதலாளி, மருந்துக்கடைக்காரரை இரண்டே வாக்குகளில் வென்றார். ஒலிபெருக்கியில் அறிவித்தவன் நான். குரல் கணீரென்று இருந்ததாகப் பலரும் சொன்னார்கள். என் மனைவி மட்டும், "துணி எண்ணிப் போடச் சொன்னாலே ரெண்டு குறையும். நீங்க எண்ணி ஒருத்தர் ஜெயிச்சாராக்கும்?" என்றாள். மைத்துனன் புரையேறும்வரை சிரித்தான். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடைக்காரர் மறு எண்ணிக்கை கேட்டார். தங்கமான மனிதர். "தோத்தா தோத்துட்டுப் போறேன் சார். ஊருக்குச் சந்தேகம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். எனக்கும் அதே கவலைதான்.

பள்ளி மண்டபத்தில் எண்ணினோம். இரு தரப்பு முகவர்களும் ஒரு மேஜையைச் சுற்றி நின்று, முத்திரை கோட்டின்மேல் விழுந்த ஒரு சீட்டுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசி மேஜையில் எண்ணிக்கொண்டிருந்த ஓவிய ஆசிரியை என்னை அழைத்தார்.

"சார், இந்த ஓட்டுப் பெட்டியோட அடியில பசையில ஒட்டிக்கிட்டு மூணு சீட்டு தங்கிப்போச்சு. போன தடவை யாரும் கவனிக்கல போல. மூணுமே மருந்துக்கடைக்காரருக்கு."

கூட்டல் எனக்கும் தெரியும். "குடுங்கம்மா, நான் பாத்துக்குறேன்" என்று வாங்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குப் போனேன்.

நிதானமாக யோசித்தேன். ஊர் ஒரு முடிவை நம்பிவிட்டது. அது தப்பு என்றால் அடுத்த தேர்தலை எவன் நம்புவான்? கிழித்தால் துண்டு கிடக்கும். எரித்தால் நாறும். மேஜையில் என் தேநீர் ஆறிப்போயிருந்தது. அதில் நனைத்தால் காகிதம் பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. முத்திரை மைதான் லேசாகக் கசந்தது. முழுப் பூசணிக்காயைத்தான் சோற்றில் மறைக்க முடியாது; இது வெறும் காகிதம்.

வெளியே வந்ததும், "சேத்துட்டீங்களா சார்?" என்றார் ஆசிரியை.

"எதம்மா?"

"விளையாடாதீங்க. அந்த மூணு சீட்ட."

முகவர்கள் திரும்பினார்கள். ஆசிரியை என் முகத்தையே உற்றுப் பார்த்தார். வண்ணங்களோடு பழகிய கண். "சார், உங்க உதட்டுல மை" என்றார்.

பேனாவைக் கடிக்கும் பழக்கம் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே துடைத்தேன். பிறகு மென்மையாகக் கேட்டேன்: "மருந்துக்கடைக்காரர் பொண்ணு உங்ககிட்டதானே படிக்குது?"

அது பொய்யில்லை. ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவரிடம்தான் படித்தார்கள். அதைச் சொல்லும் அவசியம் எழவில்லை.

முடிவில் மாற்றமில்லை என்று அறிவித்தேன். இல்லாத சீட்டைக் கிளப்பிவிட்டுத் தேர்தலைக் கெடுக்க ஒருவர் முயன்றதையும் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, நான் அப்படிப்பட்டவன் அல்ல. பள்ளியையும் பாடத்தையும் மட்டும் குறிப்பிட்டேன். கைதட்டல் அடங்கவே இல்லை. வீட்டுக்குப் போனபோது மைத்துனன் எழுந்து நின்றான்.

அன்று மாலையே ஆசிரியை வீட்டு ஜன்னல்களை உடைத்தார்கள். மக்களுக்குத் தேர்தல்மீது எவ்வளவு பற்று, பாருங்கள். ஒரு கண்ணாடிச் சில்லு அவருடைய வலது கண்ணில் பாய்ந்துவிட்டது. இப்போது அவர் வகுப்பு எடுப்பதில்லை.

பழம் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். போகாமல் இருப்பது முறையில்லை. கட்டுப் போட்ட முகத்தை என் பக்கம் திருப்பி, "இப்பவாவது சொல்லிடுங்க சார்" என்றார். பேசினால் கண்ணுக்கு ஆகாது, பேசாமல் படுங்கள் என்றேன்.

கைவிலங்கை எடுக்கிறீர்களா? எடுங்கள், எனக்கு வருத்தமில்லை. அன்றிலிருந்து ஊரில் ஒருவரும் தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. நம்பிக்கையைக் காப்பாற்றிக் கொடுத்தவன் நான்.

அடுத்த வாரம் சட்டமன்ற இடைத்தேர்தலாம். ஓட்டுப் போட வரச்சொல்லி மனைவி நச்சரிக்கிறாள். நான் போவதாக இல்லை. எண்ணுவதற்கு எந்த மாதிரி ஆளை உட்காரவைப்பார்களோ, யாரை நம்புவது?