ஊறப் போட்ட போர்ச்சுகல்

பொம்மசந்திரா பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள், கழுத்தில் கம்பெனி அட்டையோடு.

“போர்ச்சுகலைத் தண்ணியில ஊறப் போட்டுட்டு வந்திருக்கேன்க்கா” என்றாள் இளையவள்.

“எந்த ஸ்டாம்ப்புடி?”

“அதான், நேத்து தபால்ல வந்துச்சே! பாட்டில் மூடுற கார்க்குலயே செஞ்சது. கவர்லேர்ந்து பிரிக்க எப்பவும் போல பேசின்ல போட்டேன்.”

“அடிப்பாவி! காகிதம்னா ஊறவைக்கலாம். கார்க்குல இருக்கிற அச்சு போயிட்டா? நாலு வருஷமா தேடுனோமேடி! வீட்டுக்காரருக்குப் போன் போடு!”

பொம்மனஹள்ளி வந்தது. மூத்தவள் இறங்கி ஓடவே எழுந்துவிட்டாள். இளையவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருக்கா! முங்கவே இல்லையாம். கவர்த்துண்டோட ஜம்முனு மிதக்குதாம். மேல ஒரு சொட்டுத் தண்ணிகூடப் படலையாம்!”