இடப்பக்கம் திரும்பிய தையல்காரர்

என் நாக்கின் நீளம் தெரிந்தும் துணிந்து மைக்கைக் கொடுத்துவிட்டு, தலைமை நாற்காலியில் புன்னகையோடு அமர்ந்திருக்கும் நரம்பு மருத்துவர் ஐயா அவர்களே! மூளைப் பயிற்சிக்கென்றே இந்தக் கூடத்தைத் திறந்து வைத்திருக்கும் பெரியோர்களே! முடங்கிய கைக்கும் மயங்கிய மனதுக்கும் முட்டுக்கொடுத்து நிற்கும் பயிற்சியாளர் மகளே! பெற்றவரைப் பிடித்து அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளே! கணவரின் கைத்தடியை மடியில் வைத்துக் காத்திருக்கும் தாய்மார்களே! தூணுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டிருக்கும் என் கொழுந்தனே! உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வணக்கம்!

பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் கேட்டதை மறந்தவளும் இல்லை. என்னை நோகடித்த பேச்சு என்றால், இந்தப் பிறவியில் மறக்க மாட்டேன். என்ன, தூணுக்குப் பின்னால் இருமல் வருகிறதா? வரட்டும், வரட்டும்.

என் வீட்டுக்காரர் தையல்காரர். இதோ, மேடையில் எனக்கு வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார். ஒருநாள் காலை, துணி வெட்டும் மேசையின் மேலேயே சாய்ந்துவிட்டார். மூளைக்குப் போகும் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். மருத்துவர் ஐயா உயிரைக் காப்பாற்றினார். பேச்சு வந்தது, நடை வந்தது, இடக்கையில் பாதி பலமும் வந்தது. எல்லாம் வந்தது என்று நான் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன். விட்டது அவசரம் என்று பிறகுதான் தெரிந்தது!

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு இடப்பக்கத்து நாற்காலியில் நான். வலப்பக்கத்து நாற்காலியில் கொழுந்தன். நான் "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் பதில் இல்லை. அவன் தும்மினால், "என்னடா, சளியா?" என்று விசாரணை! நான் போர்வையைச் சரிசெய்தால் திரும்புவதில்லை. அவன் கிளம்பினால், "இருடா, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று உருக்கம்! சாப்பாடு வைத்தால் தட்டில் சரிபாதியைச் சாப்பிட்டுவிட்டு, மறுபாதியைத் தொடாமல், "இவ்வளவுதானா?" என்பார்.

தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள். எனக்குக் கோபம் வருமா, வராதா? அந்த மஞ்சள் துப்பட்டா போட்ட பெண் தலையாட்டுகிறாள் பாருங்கள், அவளுக்குத் தெரிகிறது! ஆக்கிப் போட்டவளை அலட்சியம் செய்கிறார், அருகில் இருப்பவளை அவமதிக்கிறார் என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரும் திரும்பவில்லை, நானும் திரும்பவில்லை. கொழுந்தன் மட்டும் குளிர்காய்ந்தான். "அண்ணி, உங்க சமையல்ல பாதிக்கு மேல யாராலதான் முடியும்?" என்றான். அதையும் உள்ளே பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு முகச்சவரம் செய்துகொண்டார். வலக்கன்னம் கண்ணாடிபோல் வழவழ. இடக்கன்னம் முழுக்க நரைமுள். "முடிஞ்சுது" என்று கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு தையல் மெஷினில் உட்கார்ந்தார். ஒரு சட்டை தைத்தார். அதற்கு ஒரே ஒரு கை!

அன்றுதான் என் கோபம் பயமாக மாறியது.

கொழுந்தன் விலை பேச ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து மெஷினைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். "அரைச்சட்டை தைக்கிறவருக்கு முழு மெஷின் எதுக்கு அண்ணி? தள்ளிவிட்டுடலாம்." அந்த மெஷின் வெறும் இரும்பா? அதன் மிதி நின்றால் அந்த மனிதரின் மூச்சே நின்ற மாதிரி அல்லவா? "அதுமேல கை வச்சே, உன் கையை மடிச்சுத் தைச்சுடுவேன்" என்றேன். வந்த ஆள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அக்கம்பக்கத்தார் சும்மா இருந்தார்களா? "வாய்ப்பாடு சொல்லச் சொல்லு, மூளை கூராகும்" என்றார் ஒருவர். இவர் சொன்னார், மடமடவென்று சொன்னார்! "குறுக்கெழுத்துப் போடச் சொல்லு" என்றார் இன்னொருவர். வலப்பக்கக் கட்டங்களை மட்டும் போட்டார்! இருக்கிற இடத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினோம். இல்லாத இடம் இல்லாமலேயே இருந்தது.

அப்போது வந்தாள் இந்தப் பயிற்சியாளர் மகள். கோடுகள் நிறைந்த ஒரு தாளை வைத்து, "எல்லாக் கோட்டையும் அடிச்சுடுங்க ஐயா" என்றாள். வலப்பாதியை அடித்துவிட்டுப் பேனாவை மூடினார். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மா, இவர் கண்ணுல குறை இல்ல. இடப்பக்கம்னு ஒண்ணு இருக்குன்னு இவர் மூளை இவருக்குச் சொல்லவே மாட்டேங்குது. தட்டும் அப்படித்தான், கன்னமும் அப்படித்தான்."

நான் மெதுவாகக் கேட்டேன், "நானும் அப்படித்தானா?"

"நீங்க எந்தப் பக்கம் உட்காருவீங்க?"

அவையோரே! அவமதிப்பு என்று நான் சுமந்த அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் இறங்கிப் போயிற்று. என்னை வேண்டாம் என்று அவர் ஒதுக்கவில்லை. அவர் உலகத்தில் என் நாற்காலியே இல்லை!

மேசையின் இட ஓரத்தில் அவள் ஒரு சிவப்பு நாடாவை ஒட்டினாள். "சிவப்பைப் பார்க்கிற வரைக்கும் தலையை நிறுத்தாதீங்க. பார்த்துட்டு, அங்கிருந்து ஆரம்பிங்க." அவ்வளவுதான் பயிற்சி. தட்டின் ஓரத்தில் சிவப்பு, கண்ணாடியின் ஓரத்தில் சிவப்பு, துணியின் ஓரத்தில் சிவப்பு நூல். எந்தக் கதவு பூட்டியிருக்கிறதோ அந்தக் கதவைத்தானே தட்ட வேண்டும்? திறந்த கதவைத் தட்டிக்கொண்டு நின்றால் யாருக்கு லாபம்?

தேடினார், தவறவிட்டார். மறுபடி தேடினார், மறுபடி தவறவிட்டார். "அங்க ஒண்ணும் இல்லடி, சும்மா தொந்தரவு பண்ணாத" என்று எரிந்து விழுந்தார். நாடா பாவம், திருப்பிப் பேசுமா? நான் பேசுவேனே! பயிற்சியாளர் மகளிடம் கேட்டேன், "நாடாவுக்குப் பக்கத்துல நானும் உட்காரட்டுமா?" அவள் சொன்னாள், "தாராளமா உட்காருங்க. ஆனா அவர் களைச்சா நிறுத்திடணும்."

உட்கார்ந்தேன். உள்ளே வைத்திருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். "நம்ம பொண்ணு பிறந்த அன்னிக்கு லேட்டா வந்தீங்களே!" திரும்பவில்லை. "என் நீலச் சேலையில எண்ணெய்க் கறை பண்ணினீங்களே!" ம்ஹூம். பிறகு எடுத்தேன் என் பெரிய ஆயுதத்தை. "என் தங்கச்சி ஜாக்கெட்டை வேணும்னேதானே இறுக்கமா தைச்சீங்க? அளவு தெரியாத டெய்லர்!"

தலை அசைந்தது. மெல்லத் திரும்பியது. நாடாவைத் தாண்டியது. நேராக என் முகத்தில் வந்து நின்றது.

"யாரு அளவு தெரியாதவன்? என் அளவு சரிதான்! உன் தங்கச்சிதான் பெருத்துட்டா!"

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! முன்வரிசையில் இருக்கும் தங்கச்சி, நீ மட்டும் கோவிச்சுக்காதே. உன்னை அவர் திட்டிய அந்த நிமிடம்தான், நோய் வந்தபின் அவர் இடப்பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்த முதல் நிமிடம். "என்னடி, இங்கதான் இருக்கியா?" என்றார். "எப்பவும் இங்கதான் இருந்தேன்" என்றேன். இரண்டு பேருக்கும் கண் நிறைந்துவிட்டது.

இது மந்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் எல்லாம் திரும்பும் என்றும் ஐயா சொல்லவில்லை. மாத்திரை இன்றும் உண்டு. களைத்துப்போன நாளில் இடப்பக்கம் இன்றும் நழுவும். அப்போது தேடுகிறார், தேடிப் பிடிக்கிறார். ஆனால் மெஷின் ஓடுகிறது, மக்களே! என் காது குளிர ஓடுகிறது! கொழுந்தனே, வெளியே வா. எழுந்து நில். கையை விரித்துக் காட்டு. நீ போட்டிருக்கும், அண்ணன் தைத்த சட்டைக்கு எத்தனை கை? ஆங், இரண்டு! உட்காரப்பா. மன்னித்துவிட்டேனா என்று பார்க்கிறாயா? மறப்பதற்கு எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை!

இன்னும் ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நான் நிற்பது அவருடைய இடப்பக்கம். இங்கே நாடா இல்லை, சிவப்பு நூல் இல்லை, இன்று நான் அவரைத் திட்டவும் இல்லை. பேச ஆரம்பித்ததிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நீங்களும் பாருங்கள். கழுத்து வலிக்குமே என்ற கவலைகூட இல்லாமல், இந்தப் பக்கமே திரும்பி உட்கார்ந்திருக்கிறார்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பூட்டிய கதவைத் தட்டக் கற்றுக்கொடுத்த மகளுக்கும் என் நன்றி. போவதற்கு முன் உங்கள் இடப்பக்கம் இருப்பவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போங்கள். எல்லோருக்கும் வணக்கம்!