கொசுப்புழு

...கப்பி மீனாம், கப்பி. சுண்டுவிரல்ல பாதி இல்ல. அதுக்கு ஒரு தொட்டி, ஒரு லைட்டு, குமிழி விட ஒரு மோட்டரு. உக்காருங்க. தண்ணி எப்ப வரும்னுதான கேக்க வந்தீங்க? ஆறு மணிக்கு வரும். பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்தவங்க, தொட்டி நல்லாருக்குன்னு சொல்லிட்டீங்க பாருங்க, அதான் சொல்றேன்... நல்லாவே இல்ல.

எங்க நாத்தனார் குடுத்தது. வீட்டுக்காரருக்கு அக்கா. தம்பிக்கு நெஞ்சுல ஆபரேஷன் ஆகி வீட்லயே கெடக்கறான், பொழுது போகட்டும்னு. வேற யாராவது பழம் வாங்கிட்டு வருவாங்க. இவங்க மீனு. அதுலயும் ஒண்ணு புள்ளத்தாச்சி. "இருவது குட்டி போடும், காப்பாத்தி விடு, தம்பி மொகம் தெளியும்"னு எனக்குப் பாடம் வேற.

போட்டுச்சு. வயிறு சப்பையாயிருச்சு, குட்டி ஒண்ணக்கூடக் காணோம். மீன் கடைக்காரன்கிட்ட கேட்டேன். அவன் பெரிய டாக்டரு மாதிரி தாடியச் சொறிஞ்சுக்கிட்டு, "பெத்ததே தின்னுரும்மா, ஒளிஞ்சுக்கப் பாசி போடுங்க"ன்னான். போட்டேன். அழுக்குத் துணியக் கசக்கிப் போட்ட மாதிரி கெடந்துச்சு. ரெண்டாந்தடவையும் இல்ல, மூணாந்தடவையும் இல்ல. இவரு எந்திரிச்சதும் கண்ணாடிய மாட்டிக்கிட்டுத் தொட்டி முன்னாடி குனிவாரு. போயி மறுபடி படுத்துக்குவாரு. பாக்கச் சகிக்காது.

அப்பதான் நாத்தனாரு வந்தாங்க. சொந்தக்காரங்க நாலு பேரு உக்காந்திருக்காங்க. "குட்டி எத்தன?"ன்னு கேட்டாங்க. எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ... "பெத்ததயே முழுங்குற மீனாப் பாத்துக் குடுத்திருக்கீங்க, குடுத்த கை ராசி அப்படி"ன்னுட்டேன். அவங்களுக்கு ஒரே ஒரு பொண்ணு. இவங்க அதிகாரம் தாங்காம வெளிய போனவ, ஆறு வருஷமா வாசப்படி மிதிக்கல. அது எல்லாருக்கும் தெரியும். டீயக் கீழ வெச்சாங்க, செருப்ப மாட்டுனாங்க, போயிட்டாங்க. மூணு மாசமாச்சு.

ரோஷம். பெரிய ரோஷம். நான் என்ன பொய்யா சொன்னேன்...

பொய்தாங்க. அதையும் சொல்லிடறேன், வேற யாருகிட்ட சொல்ல?

நான் கொஞ்சம் சுத்தக்காரி. விடியறதுக்குள்ள எந்திரிச்சு மொதல்ல தொட்டியத்தான் பாப்பேன். பாசிக்குள்ள, தண்ணி மேல, துளித்துளியா கொசுப்புழு துள்ளும். நோயாளி இருக்கற வீடு, கொசு வரலாமா? பழைய டீ வடிகட்டியால அள்ளி சிங்குல ஊத்திருவேன். போன மாசம் சிங்கு அடச்சுக்கிச்சு. சரின்னு பால்கனில செடிக்கு வெச்சிருந்த வாளில தட்டுனேன். அன்னிக்கே எங்கம்மாவுக்கு முடியலன்னு கெளம்பிட்டேன். திரும்பி வர மூணு வாரம். வந்து வாளிய எடுக்கறேன்... பதினொரு மீனு. வாலுல லேசா ஆரஞ்சு. நெசக் கொசுப்புழுவத் தின்னு கொழுத்திருக்கு.

அப்ப சிங்குல ஊத்தினது அத்தனையும்?

எத்தன தடவ ஊத்தியிருப்பேன். தாய் மீனு ஒண்ணும் திங்கல. நான்தான்.

இவருகிட்ட சொன்னேன். மொதல்ல சிரிச்சாரு, ரொம்ப நாளைக்கப்புறம். அப்புறம் தொட்டியப் பாத்துக்கிட்டே, "அக்காகிட்ட யாரு சொல்றது?"ன்னாரு.

நாலு நாளா போன் பண்றேன், எடுக்க மாட்டேங்கறாங்க. எடுத்தாலும் என்னன்னு சொல்ல? மீனப் பத்திச் சொல்லிரலாம். அந்தப் பொண்ணப் பத்திச் சொன்னத எப்படித் திருப்பி எடுக்கறது?

நீங்க ஏன் எந்திரிக்கிறீங்க? தண்ணிக்கு இன்னும் நேரமிருக்கு... என்னது, இப்பவே நாத்தனாரப் பாக்கப் போலாங்கறீங்களா? ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. கதவத் தொறக்க மாட்டாங்க, நான் சொல்றேன் பாருங்க. அவ்வளவு வீம்பு.

நீங்களும் வர்றீங்களா, நெசமாவா? இருங்க, செருப்ப மாட்டிக்கறேன். பேச வேண்டியத நானே பேசிக்கறேன். நீங்க சும்மா பக்கத்துல நின்னாப் போதும்.