ரெண்டு படத்துலயும் ஒரே ஆள்தான்

ரெண்டும் என் வீட்டுக்காரிதான், ஒரே ஆள்தாங்கம்மா. நல்லாப் பாருங்க. காதைப் பாருங்க, காது மாறாது. மூக்கு, தாடை, கண்ணுக்குக் கீழ எல்லாம் படத்தைத் திருத்தற டச்சிங்காரன் கை வெப்பான், காதை மட்டும் விட்டுடுவான். அது பதினாறு வருஷத்துக்கு முந்தி நான் எடுத்தது. இது போன மாசம் அவ ஊர்ல எவனோ எடுத்தது. லைட்டை ஒரே பக்கமா அடிச்சிருக்கான் பாவி. வயசானா முகம் மாறாதாம்மா? ஆமாமா, நீங்க சொல்றது சரிதான். வயசானா நரைக்கும். இவ்வளவு கறுக்காது.

இருங்க, பேனாவைக் கீழ வெக்காதீங்க. சொல்றேன். எங்க சங்கத்துலயே விண்ணப்பம் எழுதிக் கொடுக்கறவர் இருக்கார், சும்மாவே எழுதுவார். அவரை விட்டுட்டு ரெண்டு பஸ் மாறி உங்ககிட்ட வந்திருக்கேன்னா காரணம் இல்லாமலா? பொண்டாட்டியை இங்க கூட்டிக்கிட்டு வர இதான் கடைசி. நாளையோட மனு வாங்கறதை நிறுத்திடறாங்க. இதை விட்டா இந்த ஜென்மத்துல அவ என்கிட்ட வந்து சேரமாட்டா.

எங்க ஆளுங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்களே, கலப்புன்னு சொல்லுவாங்க. கொள்ளுத்தாத்தா காலத்துல வெள்ளைக்காரன் ஒருத்தன் கப்பல்ல வந்து ஊர்ப் பொண்ணைக் கட்டிக்கிட்டான், இல்ல கட்டாமலே குடும்பம் நடத்தினான். அந்த வம்சம். அவங்க ஆண்டவரைக்கும் ரயில்வே, தபாலாபீஸ்னு எங்களுக்கு வேலை இருந்துச்சு. அவங்க மூட்டை கட்டினதும் நாங்க யாருக்கும் ஆகாதவங்க ஆயிட்டோம். ஊர்க்காரங்களுக்கு நாங்க அந்நியம், வெள்ளைக்காரனுக்கு நாங்க கறுப்பு. ரெண்டுங்கெட்டான் பொழப்பு. அப்பதான் எங்க சங்கத் தலைவர் சொன்னார், எல்லாரும் சேர்ந்து கடல் தாண்டிடுவோம், ஒரே இடத்துல நிலம் வாங்குவோம், நம்ம பள்ளிக்கூடம், நம்ம தெரு, நீ யாருன்னு எவனும் கேக்காத ஊரா கட்டுவோம்னு. கேக்கறப்பவே கண்ணுல தண்ணி வந்துடுச்சும்மா. நாப்பத்தியொரு குடும்பம் பேர் கொடுத்தோம்.

அதுல ஒரு சிக்கல். இந்த நாட்டுக்குள்ள விடணும்னா அப்ப ஆளைப் பார்த்தா வெள்ளையாத் தெரியணும். விண்ணப்பத்தோட படம் அனுப்பணும், படத்தைப் பார்த்துத்தான் சரின்னுவாங்க. எங்க வீடுகள்ல ஒரே வயித்துல ஒண்ணு பாலு, ஒண்ணு கடுங்காப்பி. தலைவர் நேரா நான் ஊர்ல வெச்சிருந்த போட்டோ ஸ்டூடியோவுக்கு வந்துட்டார். நீதான்யா எங்களைக் கரையேத்தணும்னார்.

உங்களுக்கு இந்த வேலை தெரியாதில்ல? நெகட்டிவ்ல எல்லாம் தலைகீழ். அதுல பென்சிலால பொடிசா தேய்ச்சுக்கிட்டே போனா, பிரிண்டுல அந்த இடம் வெளுத்து வரும். கோடு தெரியக் கூடாது, அதுதான் கை. தற்பெருமை இல்லம்மா, அந்த ஊர்ல அப்படி ஒரு கை எவனுக்கும் கிடையாது. எங்க கூட்டத்துத் தச்சரைப் பார்த்தா அவர் இழைக்கற மரத்துக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியாது, அவரை அப்படியே துரையாக்கினேன். வாத்தியாரம்மா, அவங்க மூணு பசங்க, எல்லாரையும். அத்தனை படமும் சரின்னு முத்திரை குத்தித் திரும்பி வந்துச்சு.

என் வீட்டுக்காரிக்குத்தான் மூணு நாள் உக்காந்தேன். மத்தவங்களுக்கு ரெண்டு மணி நேரம். ஏன்னு கேக்கறீங்களா? ஆசைதான், வேற என்ன. எல்லார் பொண்டாட்டியையும் விட என் பொண்டாட்டி எடுப்பா இருக்கணும். கருமம் பிடிச்ச ஆசை. பிரிண்டைக் கையில கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தா. யாருங்க இவ, இவளைக் கட்டிக்கணும்னுதான் இருந்தீங்களான்னா. நான் என் வேலையைப் பாராட்டறான்னு நினைச்சுச் சிரிச்சேன். முட்டாள்.

கப்பல் ஏற எங்க ஊர்த் துறைமுகத்துக்குப் போனா, அங்க இந்த நாட்டு அதிகாரி ஒருத்தர் மேஜை போட்டு உக்காந்திருந்தார். படத்தையும் ஆளையும் வெச்சு ஒவ்வொருத்தரா பார்க்கறார். அப்படி ஒத்துப் பார்ப்பாங்கன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியாது. தொப்பி, பவுடர், கையுறைன்னு முன்னாடி போன ஆறேழு குடும்பம் எப்படியோ தாண்டிடுச்சு. அடுத்தது நாங்க. நான், என் கையில மூணு வயசுப் பொண்ணு, அது என்னை மாதிரி வெளுப்பு, பக்கத்துல அவ. அந்தாளு படத்தைப் பார்க்கறார், அவளைப் பார்க்கறார், மறுபடி படத்தைப் பார்க்கறார். இது இந்தப் பொம்பளை இல்லையேன்னார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தா? டச்சிங் பண்ணினதுன்னு ஒரு வார்த்தை வந்தா எல்லாப் படத்தையும் திரும்ப எடுத்துப் பார்ப்பாங்க. பின்னாடி முப்பது குடும்பத்துக்கு மேல நிக்குது. வீட்டை வித்தவங்க, வேலையை விட்டவங்க, ஊர்ல திரும்பிப் படுக்க இடமில்லாதவங்க. தலைவர் என் முதுகுல விரலால குத்தறார், வாயைத் திறந்துடாதேன்னு. அதிகாரி கேட்டார், அப்ப இவ யாருன்னு.

ஆயான்னேன்.

புள்ளையை வழியனுப்ப வந்த ஆயா, வீட்டுக்காரிக்கு உடம்பு சரியில்ல, அடுத்த கப்பல்ல வருவான்னேன். எப்படி வந்துச்சுன்னே தெரியலம்மா, மனப்பாடம் பண்ணினவன் மாதிரி சரளமா வந்துச்சு. அவ என்னை ஒரு பார்வை பார்த்தா. அவ்வளவுதான். குனிஞ்சு புள்ளைக்கு மேல் பொத்தானைப் போட்டுவிட்டா. பாப்பாவைப் பத்திரமா பார்த்துக்கங்க ஐயான்னா. ஐயான்னா! பொட்டியைத் தூக்கிக் கூலிக்காரன் கையில கொடுத்துட்டு, வேலைக்காரங்க நிக்கற கயித்துக்கு அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டா.

அழலம்மா, தூசு. உங்க ஃபேன் அப்படி அடிக்குது.

அடுத்த கப்பல் எங்க வந்துச்சு? மூணு தடவை மனு போட்டேன், மூணு தடவையும் படமும் ஆளும் ஒத்துப்போகலன்னு திருப்பிட்டாங்க. இப்பத்தானே இந்த நிறம் பார்க்கற சட்டத்தை எல்லாம் எடுத்தாங்க. ஊரா? பின்னாடி நின்னவங்களும் தொப்பியும் பவுடருமா எப்படியோ தாண்டிட்டாங்க, கட்டினோமே. நல்ல ஊரும்மா, வந்து பாருங்க. ஒவ்வொரு வாசல்லயும் பூச்செடி. அன்னைக்கு வரிசையில நின்ன ஒரு வாயும் இதுவரைக்கும் அதைப் பத்தித் திறந்ததில்ல, சங்கத்துல விண்ணப்பம் எழுதறவரும் அந்த வரிசைதான். ஒத்துமைன்னா ஒத்துமை, அப்படி ஒரு ஒத்துமை. என்னைப் பார்த்தா தச்சர் தெருவுக்கு அந்தப் பக்கம் மாறிப் போவார், அவ்வளவுதான்.

அவ கடுதாசி போடறா, மாசம் ஒண்ணு. இங்க நான் வெச்சிருக்கற ஸ்டூடியோ விலாசத்துக்கு. அன்னைக்கு நடந்ததை ஒரு கடுதாசியிலயும் கேட்டதில்ல. திட்டினாலும் பரவாயில்லம்மா. உடம்பைப் பார்த்துக்கங்க, பாப்பா என்ன படிக்கறா, இவ்வளவுதான் எழுதுவா.

எது? இங்கயா? பதினெட்டு வயசு தாண்டின பிள்ளை இருந்தா அதுவும் கையெழுத்துப் போடணுமா? தெரியும், விசாரிச்சுட்டுத்தான் வந்தேன். பொண்ணுக்குப் பத்தொன்பது நடக்குது. கூட்டிட்டு வந்திருக்கேன், வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா பாருங்க, நீலச் சட்டை. அந்தச் சிரிப்பு அப்படியே அவங்கம்மா.

அம்மா இருக்கறது அவளுக்குத் தெரியுமாவா... இங்க வந்து ஆறு மாசம் அம்மா எங்க, அம்மா எங்கன்னு அழுதாம்மா. என்ன பண்றது? உடம்பு சரியில்லன்னு ஆரம்பிச்சது, கடைசியில இறந்துட்டாங்கன்னு முடிஞ்சுது. சங்கத்துல எல்லாரும் துக்கம் விசாரிக்கக்கூட வந்தாங்க, தெரிஞ்சே வந்தாங்க. பொத்தான் போட்டுவிட்ட கை மட்டும் அவளுக்கு ஞாபகம் இருக்கு. அது யாருப்பான்னு கேப்பா, ஆயான்னு சொல்லி வெச்சிருக்கேன்.

அதனால, பழைய ஆயா வர்றாங்க, வயசாயிடுச்சு, நாமதான் பார்த்துக்கணும்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். பின்பக்கத்து அறையைக்கூட ஒழிச்சு வெச்சுட்டா.

மேல உறவுங்கற இடத்துல மனைவின்னு எழுதியிருக்கீங்கல்ல, அந்த வரி தெரியாம தாளை இப்படி மடிச்சுக் கொடுங்கம்மா. கையெழுத்துப் போடற இடம் மட்டும் வெளிய இருந்தாப் போதும். போட்டுடுவா, நல்ல பொண்ணு.