காற்றுப் படாத பெட்டி

தேநீருக்கு நன்றி, ஐயா. சீனி குறைத்துப் போட்டிருக்கிறீர்கள். குடலுக்கு அதுதான் நல்லது.

மனிதக் குடலில் இன்னும் பெயரில்லாத கிருமிகள் ஏராளம். அவற்றைக் கண்டுபிடித்து இனம் பிரிப்பது என் தொழில். றக்வானைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு மல மாதிரி எடுக்கத்தான் போனேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு பிஸ்கட் இல்லாமல் ஒருநாளும் போனதில்லை.

"நாங்க திங்கிறத ஒருத்தரும் கேக்கல. பேல்றத கேட்டு கொழும்புலருந்து ஜூலியட் மிஸ் வந்துருக்காங்க," என்றார் ஏழுமலை. லயமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அவருடைய நான்கு வயது மகள் ஷாமிளா அதுவரை அன்டிபயோடிக் தொடாத பிள்ளை. அவளிடம்தான் அது இருந்தது, எந்த இனத்திலும் சேராத ஒரு கிருமி. காற்றுப் பட்டால் செத்துவிடும். முதல் மாதிரி அப்படித்தான் கெட்டது. புதிய இனமென்று பெயர் சூட்ட வேண்டுமானால் அதை உயிரோடு இரண்டு நாடுகளின் கிருமிக் காப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும்.

மறுபடி போனபோது ஷாமிளாவுக்குக் காய்ச்சல், நெஞ்சு இழுத்தது. டிஸ்பென்சரியில் அன்டிபயோடிக் பாணி மருந்து கொடுத்திருந்தார்கள். அது உள்ளே போனால் என் கிருமியும் போய்விடும்.

தாய் துஷ்யந்தி கொழுந்தெடுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். போத்தலை என்னிடமே நீட்டினாள். "ஒங்களுக்கு கைராசி மிஸ். போன தடவ நீங்க ஊட்டுன கஞ்சிய சொட்டு விடாம குடிச்சா. மருந்தயும் நீங்களே குடுத்துருங்க."

ஜெபித்தேன். பிறகு மருந்தை வாசல் சாக்கடைக் கானில் ஊற்றிவிட்டு, போத்தலில் ஒரேஞ்ச் குளுக்கோஸ் கரைத்து நிரப்பினேன். ஷாமிளா இன்னும் கேட்டாள்.

ஒரு நாள் போதுமென்று நினைத்தேன். ஆனால் சாப்பிடாத பிள்ளை வெளிக்குப் போகவில்லை. தினமும் வந்தேன். வாழைப்பழம் மசித்து ஊட்டினேன், முதுகைத் தடவிக்கொடுத்தேன். "பெத்தவ நான்கூட இப்பிடி பாக்கல மிஸ்," என்று துஷ்யந்தி அழுதாள்.

வெள்ளிக்கிழமை மாதிரி கிடைத்தது. காற்றுப் புகாத பெட்டியில் வைத்து மூடினேன். அப்போது பிள்ளை மூச்சுக்குத் திணறினாள், உதடு நீலமாகியிருந்தது. என் வாகனத்தில் ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் நின்றால் பெட்டி பிந்திவிடும். ஒரு த்ரீவீலர் பிடித்துக் கொடுத்தேன். மலைப்பாதையின் பாதி வளைவிலேயே பிள்ளைக்கு முடிந்துவிட்டதாமே.

அந்தப் போத்தலைத் துஷ்யந்தி சாமித்தட்டில் வைத்திருந்ததாகச் சொன்னீர்கள். அதில் மருந்தே இல்லையென்ற உங்கள் பொலிஸ் பரிசோதனை சரி. மருந்தை மாற்றியது நான்தான். பிள்ளை இறக்கக்கூடும் என்று இரண்டாம் நாளே தெரியும்.

ஆனால் துஷ்யந்தியிடம் இதையும் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும். கிருமிக்குப் பிள்ளையின் பெயரைத்தான் வைத்திருக்கிறேன். ஷாமிளா இப்போது இரண்டு நாடுகளில் உயிரோடு இருக்கிறாள். ஒரு பொட்டுக் காற்றும் படாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.